நோம்பிப் பாட்டு முதல் நிழலில்லா நண்பகல் வரை: கொங்கு நாட்டில் ஒளி, ஒலி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் பக்கம் ஒளி, ஒலி பற்றிப் பேச்சு வந்தால் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். சூத்திரங்களைக் குறைத்துக்கொண்டு எண்களை விட்டுவைத்திருக்கிறேன். எண் இருந்தால்தான் சொன்னது சரியா என்று நீங்களே பார்க்க முடியும். இவற்றில் பாதிக்கு மேல் ஒரு கடிகாரமும் வெள்ளைத் தாளும் இருந்தால் வீட்டிலேயே சோதிக்கக்கூடியவை. தயவுசெய்து சோதித்துப் பாருங்கள்.

பகலில் கேட்காத பக்கத்து ஊர் நோம்பிப் (கோயில் திருவிழா) பாட்டு, ராத்திரியில் மட்டும் வரிக்கு வரி கேட்பது ஏனுங்க?

ஊர் அடங்கிவிடுவது பாதிக் காரணம். மீதிப் பாதி காற்றின் சூட்டில் இருக்கிறது. சூடான காற்றில் ஒலி கொஞ்சம் வேகமாகப் போகும், குளிர்ந்த காற்றில் கொஞ்சம் மெதுவாகப் போகும். 0 டிகிரியில் வினாடிக்கு 331 மீட்டர். அதற்கு மேல் டிகிரிக்கு 0.6 மீட்டர் வீதம் கூடும். 30 டிகிரியில் ஏறக்குறைய 349 மீட்டர்.

பகலில் தரை சுடுவதால் தரையை ஒட்டிய காற்றுதான் அதிகச் சூடு. ஒலி அலையின் அடிப்பகுதி முந்திக்கொள்ள, அலை மேல்நோக்கி வளைந்து நம் தலைக்கு மேலே போய்விடுகிறது. வானம் தெளிந்த இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். கீழே குளிர்காற்று, அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று என்று அடுக்கு மாறுகிறது. இப்போது அலையின் மேல்பகுதி முந்துகிறது. மேலே தப்பிப் போயிருக்க வேண்டிய சத்தமும் கீழே வளைந்து நம் வாசலுக்கு வருகிறது. மார்கழி விடியலில் மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கோயில் ஒலிபெருக்கி கேட்பதும் இதனால்தான். மேகம் மூடிய இரவில் தரை அவ்வளவு குளிராது, அதனால் அன்றைக்கு இந்த வித்தியாசம் குறைவு.

ஆடி மாதத்தில் மேற்கே இருக்கும் ஊர்ச் சத்தம் கேட்கிறது, கிழக்கே இருப்பது கேட்பதில்லை. காற்று சத்தத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறதா?

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேற்குக் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் எவ்வளவு பலமானது என்று அங்கே நிற்கும் காற்றாலைகளே சொல்லும். ஆனாலும் அது வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வீசினாலும் ஒலியின் வேகத்தோடு சேர்வது 3 சதவீதம்தான். தூக்கி வருவதால் மட்டும் இவ்வளவு வித்தியாசம் வராது.

தரையில் மரம், வேலி, வீடு எல்லாம் தடுப்பதால் காற்று கீழே மெதுவாகவும் மேலே வேகமாகவும் வீசுகிறது. காற்றோடு போகும் ஒலி அலையின் மேல்பகுதி முந்துவதால் அலை கீழே வளைகிறது. காற்றை எதிர்த்துப் போகும் அலை மேலே வளைந்துவிடுகிறது. கிழக்கு ஊர்ச் சத்தம் உங்கள் தலைக்கு மேலே போய்க்கொண்டுதான் இருக்கிறது. மொட்டை மாடிக்கு ஏறினால் சில நேரம் அது காதில் விழும்.

தப்பட்டையை அடிப்பதற்கு முன்னால் தீயில் காட்டுகிறார்களே, எதற்கு?

தோல் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துத் தொய்ந்துவிடும். சூடு காட்டினால் ஈரம் போய் இறுகும். இறுக்கம் கூடினால் அதிர்வெண் கூடும். இழுவிசை 4 மடங்கானால் அதிர்வெண் 2 மடங்கு. உடுக்கடிப் பாட்டுக்காரர் உடுக்கையின் நடுக்கயிற்றை விரலால் அழுத்தித் தளர்த்துவதும் இதே வேலைதான். தீ செய்வதை விரல் நொடியில் செய்துவிடுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரே கனமுள்ள வட்டத் தோலைத் தட்டினால் எழும் அதிர்வெண்கள் 1, 1.59, 2.14, 2.30 என்ற விகிதத்தில் வரும். ஒன்றோடொன்று ஒட்டாத எண்கள். அதனால் காதுக்கு அது சுரமாகப் படாது, அடியாகப் படும். மிருதங்கத்தின் வலந்தலையில் கறுப்புச் சாந்து வைத்து நடுவைக் கனமாக்கும்போது அந்த விகிதம் 1, 2, 3, 4, 5 என்ற முழு எண்களுக்குப் பக்கத்தில் வந்து, ஸ்ருதி பிறக்கிறது. சி.வி. ராமன் 1920-ல் ‘நேச்சர்’ இதழில் இதை எழுதினார். ஒளிச்சிதறலுக்காக நோபல் பரிசு பெற்றது அதற்குப் பத்து ஆண்டுகள் கழித்து, 1930-ல். எந்தக் கருவியும் கணக்கும் கையில் இல்லாமல், காதை மட்டும் நம்பி அந்தச் சாந்தின் அளவைக் கண்டுபிடித்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது.

தப்பட்டைக்கு ஸ்ருதி இல்லாததைக் குறை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஸ்ருதியில்லாத அடி சட்டென்று எழுந்து சட்டென்று அடங்கும். ஆட்டக்காரர் கால் வைக்க அதுதான் வேண்டும்.

ஜமாப் (மேளக் கூட்டம்) அடிக்கும்போது வீட்டுக்குள் கதவைச் சாத்தினாலும் ‘தம் தம்’ என்பது மட்டும் கேட்கிறதே?

60 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை கிட்டத்தட்ட 5.8 மீட்டர் நீளம். அது வீட்டு மூலைகளைச் சுற்றி வளைந்து வரும், சுவரையும் அசைக்கும். 3,400 ஹெர்ட்ஸ் ஒலியின் அலை 10 சென்டிமீட்டர்தான். அதைக் கதவும் சுவருமே தடுத்துவிடும். நெஞ்சில் உணர்வதும் அந்தத் தாழ்ந்த அதிர்வைத்தான்.

தறிக் குடோனில் இருபது வருடம் வேலை. ‘கேட்குது, ஆனா என்ன சொல்றாங்கன்னு புரியலை.’ காது அடைத்திருக்கிறதா?

சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம், குமாரபாளையம் என்று தறி ஓடும் எல்லா ஊர்க்காரர்களும் கவனிக்க வேண்டிய கேள்வி இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சாதாரண விசைத்தறியில் நாடாவை (ஊடை நூலைச் சுமந்து போகும் கட்டையை) ஒரு பக்கமிருந்து மறுபக்கம் அடித்துத் தள்ளுகிறார்கள். அந்த அடி நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் விழுகிறது. மரமும் இரும்பும் மோதும் கூர்மையான சத்தம் அது. தகர ஷீட்டும் வெறும் சுவரும் அதைத் திருப்பி அனுப்ப, குடோனுக்குள் சத்தம் 90 டெசிபெல்லைத் தாண்டிவிடும்.

டெசிபெல் கணக்கு நம் வழக்கமான கூட்டல் கணக்கு இல்லை. ஒரு தறி 88 டெசிபெல் என்றால், அதே தூரத்தில் இரண்டு தறி 91 ஆகும், பத்துத் தறி 98 ஆகும். ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் காதில் விழும் ஆற்றல் இரட்டிக்கிறது. தொழில் மருத்துவத்தில் பரவலாகக் கடைப்பிடிக்கப்படும் வரம்பு 85 டெசிபெல்லில் நாளுக்கு 8 மணி நேரம். 3 டெசிபெல் கூடினால் அந்த நேரம் பாதியாகிவிடும்: 88-ல் 4 மணி, 91-ல் 2 மணி, 94-ல் 1 மணி. 97 டெசிபெல்லில் அரை மணி நேரம்தான். ஒரு ஷிப்டு 12 மணி நேரம் ஓடுகிறது என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

உட்காதில் ஒரு நத்தைக்கூடு வடிவக் குழாய் இருக்கிறது. ஒலியை நரம்புக்குச் சொல்லும் மயிர்ச் செல்கள் அதில்தான் உள்ளன, ஒரு காதுக்கு ஏறக்குறைய 15,000. மனிதக் காதில் இவை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. இரைச்சல் முதலில் கெடுப்பது 4,000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தை. ச, ஷ, ஸ, த போன்ற மெய்களின் கூர்மை மேல் அதிர்வெண்களில் இருக்கிறது. அ, ஆ, ஓ போன்ற உயிர் ஒலிகளின் பலம் கீழே இருக்கிறது. அதனால் பேச்சு காதில் விழும், ஆனால் எழுத்துகள் ஒன்றோடொன்று கலங்கிவிடும். குழந்தைகள் பேசுவதும் போனில் பேசுவதும் முதலில் புரியாமல் போவது இதனால்தான். அந்த ஆள் கவனிக்காமல் இருக்கிறார் என்று வீட்டில் கோபப்படுவார்கள். பாவம், அவர் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

காதில் அழுக்கு அடைத்திருந்தால் எல்லாச் சத்தமும் ஒன்றுபோலக் குறையும், சுத்தம் செய்தால் திரும்பும். இரைச்சலால் வந்த கேடு அப்படித் திரும்பாது. எது என்பதை அரசு மருத்துவமனையின் காது மூக்குத் தொண்டைப் பிரிவில் ஆடியோகிராம் (செவித்திறன் சோதனை) எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பஞ்சு வைத்துக்கொண்டால் போதாதா?

போதாது. சும்மா திணித்த பஞ்சு ஐந்து டெசிபெல் அளவுக்குத்தான் குறைக்கும். நுரை இயர் பிளக்கை விரலால் உருட்டி ஒடுக்கி, மறுகையால் காதை மேலே, பின்னே இழுத்துச் சரியாகச் செருகினால் 15 முதல் 20 டெசிபெல் குறையும். 97 டெசிபெல்லை 80 ஆக்க இது போதும். ‘தறி நின்றால் தெரியாதே, நூல் அறுந்தால் கேட்காதே’ என்று தயங்குவார்கள். எல்லாச் சத்தமும் ஒரே அளவில் குறைவதால் தறியின் ஓட்டத்தில் வரும் மாற்றம் பிளக்கோடும் தெரியும், நாலு நாளில் பழகிவிடும். வேலை முடிந்து வந்தபின் காதில் ‘கொய்ங்’ என்று இரைந்தால் அன்றைக்கு அளவு மீறியிருக்கிறது என்று அர்த்தம்.

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணினால் தூரம் தெரியுமா?

தெரியும். மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர். மின்னலின் ஒளி வந்து சேர ஆகும் நேரத்தைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம். இடி ‘டமால்’ என்று ஒரே அடியாக விழாமல் உருண்டுகொண்டே போவதற்கும் இதே கணக்குதான் காரணம். மின்னல் பல கிலோமீட்டர் நீளம், அதன் பக்கத்து முனையின் சத்தம் முதலிலும் தூரத்து முனையின் சத்தம் கடைசியிலும் வருகிறது.

எண்ணிக்கை 30-க்குள் இருந்தால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. வீட்டுக்குள்ளோ மூடிய காருக்குள்ளோ போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்து வெளியே வரலாம். தென்னந்தோப்பில் ஒதுங்கவே கூடாது. சித்திரை, வைகாசிக் கோடைமழையில் தென்னையின் குருத்துக் கருகி நிற்பதைப் பொள்ளாச்சிப் பக்கத்தில் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாட்டை அவிழ்க்கப் போகிறேன் என்று மரத்தடிக்கு ஓடுவதையும் விட்டுவிடுங்கள், மழை வருவதற்கு முன்பே கட்டுத்தரைக்குக் கொண்டுவந்துவிடலாம்.

ரயில் நம்மைக் கடந்ததும் ஹாரன் சத்தம் ஏன் இறங்குகிறது?

விஜயமங்கலம், ஊத்துக்குளி மாதிரி நிலையங்களில் நிற்காமல் போகும் எக்ஸ்பிரஸில் இதை நன்றாகக் கேட்கலாம். நம்மை நோக்கி வரும்போது ஒவ்வோர் அலையும் முந்தையதைவிடப் பக்கத்திலிருந்து கிளம்புவதால் அலைகள் நெருங்குகின்றன. விலகிப் போகும்போது நெகிழ்கின்றன. இதுதான் டாப்ளர் விளைவு. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகம் என்று வைத்தால், வரும்போது கேட்கும் அதிர்வெண் போகும்போது கேட்பதைப்போல 1.2 மடங்கு. பாட்டுப் படித்தவர்களுக்குச் சொன்னால், பன்னிரண்டு சுரத்தானங்களில் மூன்று படி இறக்கம்.

கிட்டே வரவர ஸ்ருதி ஏறிக்கொண்டே போகிறது என்று பலர் சொல்வார்கள். ஏறுவது சத்தத்தின் அளவு மட்டுமே. ஸ்ருதி வரும்போது ஒரே உயரத்தில் நின்று, கடக்கும் அந்த ஒரு நொடியில் சறுக்கி இறங்கி, அப்புறம் தாழ்ந்த இடத்தில் அப்படியே நிற்கும்.

கிணற்றில் கல் போட்டு ஆழம் சொல்ல முடியுமா?

தண்ணீர் எவ்வளவு கீழே இருக்கிறது என்று சொல்லலாம். கல்லைத் தூக்கி எறியாமல் சும்மா விட வேண்டும். விட்டதிலிருந்து ‘தொபுக்’ கேட்கும்வரை ஒன்றரை வினாடி என்றால் சுமார் 35 அடி, 2 வினாடி என்றால் 60 அடி, 3 வினாடி என்றால் 130 அடிக்கு மேல். ஒலி மேலே வரும் நேரத்தையும் கழித்துத்தான் இந்த எண்கள். போன் ஸ்டாப்வாட்சில் நாலைந்து தடவை பார்த்துச் சராசரி எடுங்கள். பாறை வெட்டிய நம் ஆழக் கிணறுகளில் பேசினால் எதிரொலி திரும்புவதும் இந்த ஆழத்தால்தான். திரும்பி வரும் ஒலி பத்தில் ஒரு வினாடியாவது பிந்தினால்தான் காது அதைத் தனியாகப் பிரிக்கும், அதற்குத் தண்ணீர் 17 மீட்டராவது கீழே இருக்க வேண்டும்.

வாய்க்கால் தண்ணீர் இடுப்பளவு என்று இறங்கினால் கழுத்துக்கு வருகிறதே?

தண்ணீரிலிருந்து காற்றுக்கு வரும் ஒளி வளைவதால் அடித்தளம் மேலே தூக்கித் தெரிகிறது. நேர் மேலிருந்து பார்த்தால் தெரியும் ஆழம் உண்மையில் முக்கால் பங்கு. நாலரை அடி மாதிரித் தெரிந்தால் 6 அடி இருக்கும். கரையில் நின்று சாய்வாகப் பார்க்கும்போது இன்னும் ஆழம் குறைந்து தெரியும், நாம் பார்ப்பதோ எப்போதும் சாய்வாகத்தான். தண்ணீர் எவ்வளவு தெளிவோ அவ்வளவு ஏமாற்றும். கீழ்பவானி வாய்க்காலாகட்டும் பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு) வாய்க்காலாகட்டும், நீச்சல் தெரியாத பிள்ளைகள் கண்ணளவை நம்பி இறங்கக் கூடாது. இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் ஒரு குச்சியை விட்டு அளக்க வேண்டும்.

ஓட்டு வீட்டில் கூரைச் சந்து வழியாக விழும் வெளிச்சம் எப்போதும் வட்டமாகவே இருப்பது ஏன்?

தரையில் விழுவது சூரியனின் படம். ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவிலுள்ள சந்து கோணலாக இருக்கலாம், முக்கோணமாக இருக்கலாம். சூரிய வட்டத்தின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வரும் ஒளி அந்தச் சந்தில் குறுக்காகக் கடந்து கீழே தன் இடத்தில் விழுவதால், தரையில் சூரியன் தலைகீழாக வரையப்படுகிறது. மேகம் சூரியனை மறைத்துக்கொண்டு நகரும்போது அந்த வட்டத்தைப் பாருங்கள். மேகத்தின் ஓரம் எதிர்ப்பக்கமாக ஊர்ந்து போவது தெரியும்.

2019 டிசம்பர் 26 அன்று காலை ஒன்பதரை வாக்கில் கோவையில் வளையச் சூரிய கிரகணம். அன்றைக்கு மர நிழலுக்குள் இலைச் சந்துகள் எல்லாம் இதே வேலையைச் செய்தன. தரையில் விழுந்த ஒவ்வொரு வட்டமும் வளையமாக மாறியது. சூரியனை வெறும் கண்ணால் பார்க்கவே கூடாது; தரையைப் பார்க்கலாம், ஓர் ஆபத்தும் இல்லை.

இதில் ஓர் அளவையும் எடுக்கலாம். வெளிச்சம் வரும் திசைக்குச் செங்குத்தாக ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து வட்டத்தின் குறுக்களவை எடுங்கள். ஓட்டையிலிருந்து தாள்வரை உள்ள தூரம் அதைப்போல ஏறக்குறைய 108 மடங்கு இருக்கும். 3 மீட்டர் தூரத்துக்கு 2.8 சென்டிமீட்டர் வட்டம். சூரியன் நம்மிடமிருந்து இருக்கும் தூரமும் அதன் விட்டத்தைப்போல அதே 108 மடங்குதான்.

லேப் டிப்பில் (முன்கூட்டிச் சாயமிட்டுப் பார்க்கும் மாதிரித் துணியில்) ஓகே ஆன ஷேடு, கடை வெளிச்சத்தில் வேறாகத் தெரிவது எப்படி? சாயப்பட்டறைமேல் தப்பா?

திருப்பூரில் இந்தக் கேள்வி வராத நாளே இருக்காது. தப்பு யாருடையது என்று பார்ப்பதற்கு முன் கண் எப்படிப் பார்க்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். கண்ணில் நிறம் பார்க்கும் கூம்புச் செல்கள் மூன்று வகை. எத்தனை அலைநீளம் கலந்து வந்தாலும் கண் மூளைக்குச் சொல்வது மூன்று எண்களைத்தான். அதனால் வேறு வேறு கலவைகள் ஒரே மூன்று எண்களைத் தரலாம். பாடித் துணி ஒரு சாயக் கலவையில், காலர் ரிப்பு இன்னொரு கலவையில் என்று வைப்போம். பகல் வெளிச்சத்தில் இரண்டும் ஒரே பழுப்பு. கடையின் டியூப் லைட்டில் எல்லா அலைநீளமும் சமமாக இல்லை. சில இடங்களில் கூர்மையான உச்சங்கள், நடுவில் பள்ளங்கள். அந்த உச்சம் விழும் இடத்தில் ஒரு சாயம் கொஞ்சம் கூடுதலாகத் திருப்பி அனுப்பினால், மூன்று எண்களும் மாறி ஒரு துணி சிவந்து தெரியும். இதைத்தான் மெட்டாமெரிசம் என்கிறார்கள்.

லைட் பாக்ஸில் டி65, டிஎல்84, ஏ என்று விளக்குகளை மாற்றி மாற்றிப் பார்ப்பது இதற்காகத்தான். டி65 என்பது 6,500 கெல்வின் பகல் வெளிச்சம், டிஎல்84 என்பது கடை டியூப் லைட், ஏ என்பது பழைய குண்டு பல்பு. மூன்றிலும் ஒன்றாகத் தெரிந்தால்தான் உண்மையான பொருத்தம். பாடி, ரிப்பு இரண்டுக்கும் ஒரே சாய ரெசிப்பியைக் கொடுத்தால் பிரச்சினையே வராது. பருத்தித் துணிக்குப் பாலியெஸ்டர் தையல் நூல் போடும்போது அது முடியாது. இரண்டுக்கும் சாய வகையே வேறு. அங்கேதான் எந்த விளக்கில் ஒத்துப்போக வேண்டும் என்று பையரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அப்படி வாங்காமல் பிறகு சாயப்பட்டறையைத் திட்டுவது நியாயமில்லை.

ஷேடு பார்க்கும் மேசையும் சுவரும் சாம்பல் நிறத்தில் இருப்பது நல்லது, பக்கத்தில் பளிச்சென்று வேறு நிறம் இருந்தால் கண் தன் கணக்கை மாற்றிக்கொள்ளும். ஆண்களில் நூற்றில் சிலருக்குச் சிவப்பு-பச்சை வேறுபாடு பிறவியிலேயே குறைவு, பெண்களில் மிக அபூர்வம். ஷேடு பார்க்கும் ஆளை வைக்கும்போது ஒருமுறை கண் சோதனை செய்துவிடுங்கள்.

ஜவுளிக்கடையில் சேலையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து பார்க்கும் அம்மாக்கள் செய்வதும் இதே சோதனைதான், முழுக்கச் சரி.

வானவில் மதியத்தில் வராதா?

கோவையில் எந்த மாதத்திலும் வராது. வானவில் சூரியனுக்கு நேர் எதிர்ப்புள்ளியைச் சுற்றி 42 டிகிரி ஆரத்தில் அமையும். அந்த எதிர்ப்புள்ளி உங்கள் தலை நிழல் விழும் திசை. சூரியன் 42 டிகிரிக்கு மேலே இருந்தால் வில் முழுக்கத் தரைக்குக் கீழே போய்விடுகிறது. ஆகவே மாலை நான்கு மணிக்கு மேல் கிழக்கிலும், காலை ஒன்பதுக்குள் மேற்கிலும் தேடுங்கள். காலை வெயில் அடிக்கும்போது மருதமலைப் பக்கம் சாரல் இறங்கினால் நல்ல வாய்ப்பு. கையை நீட்டி விரல்களை விரித்தால் ஒரு சாண் சுமார் 20 டிகிரி. தலை நிழலிலிருந்து இரண்டு சாண் தள்ளிப் பார்க்க வேண்டும். 51 டிகிரியில் இரண்டாவது வில் மங்கலாக, நிறங்கள் தலைகீழாக இருக்கும். இரண்டுக்கும் நடுவே வானம் கொஞ்சம் இருண்டிருப்பதையும் கவனியுங்கள், பலர் விட்டுவிடுவார்கள்.

மேட்டுப்பாளையத்திலிருந்து பார்த்தால் மலை நீலம், மேலே போனால் பச்சை. ஏன்?

மலைக்கும் நமக்கும் நடுவிலிருக்கும் காற்றின் நீலம் அது. காற்று மூலக்கூறுகள் நீலத்தைச் சிவப்பைவிட நாலு மடங்குக்கு மேல் சிதறடிக்கின்றன. வானம் நீலமாக இருப்பதும் அதனால்தான். எவ்வளவு தூரமோ அவ்வளவு நீலம். மழை பெய்து தூசி அடங்கிய மறுநாள் மலை பக்கத்தில் வந்துவிட்டதுபோல் தெரியும்.

கானல் நீர் எவ்வளவு போனாலும் அதே தூரத்தில் நிற்கிறதே?

தார் ரோட்டை ஒட்டிய காற்று சூடேறி அடர்த்தி குறைவதால், வானத்திலிருந்து ரோட்டை உரசி வரும் ஒளி மேலே வளைந்து கண்ணுக்கு வருகிறது. நீங்கள் பார்ப்பது வானத்தின் ஒரு துண்டு. இந்த வளைவு மிகச் சின்னது. தரைக்கும் மேலுக்கும் 20 டிகிரி வெப்ப வேறுபாடு இருந்தால் அரை டிகிரிகூட வராது. கண் 1.2 மீட்டர் உயரத்தில் இருந்தால் சுமார் 200 மீட்டருக்கு அப்பால்தான் அந்தச் சாய்வு கிடைக்கும். நீங்கள் நகர்ந்தால் அந்த 200 மீட்டரும் உங்களோடு நகரும். தாராபுரம் ரோட்டில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் குனிந்து பாருங்கள், ‘தண்ணீர்’ கிட்டே வரும். நிமிர்ந்தால் தள்ளிப் போகும்.

டியூப் லைட்டில் மோட்டார் ஃபேன் பின்னோக்கிச் சுற்றுவதுபோல் தெரிகிறது. கண் கோளாறா?

கண்ணில் ஒன்றுமில்லை, ஆனால் பட்டறையில் இது ஆபத்து. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் சோக் வைத்த டியூப் லைட் வினாடிக்கு 100 தடவை மங்கித் தெளிகிறது. கோவையில் எந்த மோட்டாரின் பெயர்த் தகட்டைப் பார்த்தாலும் 1,440 ஆர்பிஎம் என்ற எண் கண்ணில் படும். அது வினாடிக்கு 24 சுற்று. நாலு இறக்கை என்றால் வினாடிக்கு 96 இறக்கை ஒரே இடத்தைக் கடக்கிறது. வெளிச்சம் 100, இறக்கை 96. ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் இறக்கை கொஞ்சம் பிந்தி நிற்பதால், வினாடிக்கு ஒரு சுற்று வீதம் மெதுவாகப் பின்னே போவதுபோல் தெரியும். இரண்டு எண்களும் சமமாகிவிட்டால் ஓடும் சக்கரம் நிற்பதுபோலவே தெரியும். லேத்தில் சக் (வேலைப்பொருளைப் பிடித்துச் சுற்றும் பகுதி) நின்றுவிட்டது என்று கையை நீட்ட இதுவே போதும். பக்கத்துப் பக்கத்து விளக்குகளை வேறு வேறு பேஸில் கொடுங்கள், அல்லது சிமிட்டாத நல்ல எல்இடி டிரைவர் போடுங்கள். நூற்பாலைகளில் இதே விளைவை வேண்டுமென்றே பயன்படுத்தி ஸ்ட்ரோபோஸ்கோப்பால் (சீராகச் சிமிட்டும் விளக்கால்) நூல் சுற்றும் கதிரின் வேகத்தைப் பார்க்கிறார்கள்.

காங்கேயம் சந்திரகாந்தக் கல்லுக்குள் நீல வெளிச்சம் நகர்வது எப்படி?

அது இரண்டு வகை ஃபெல்ஸ்பார் மெல்லிய அடுக்குகளாக மாறி மாறி அமைந்த கல். அடுக்குகள் ஒளியின் அலைநீளத்தை நெருங்கும் அளவுக்கு மெல்லியவை என்பதால் ஒளி அங்கே சிதறுகிறது, நீலம் கூடுதலாக. கல்லைத் திருப்பினால் ஒளி அடுக்கில் விழும் கோணம் மாறி மினுக்கம் நகர்கிறது.

நிழலே விழாத நாள் என்கிறார்களே, நம் ஊரில் எப்போது?

கோவை, கரூர் இரண்டும் வடக்கே ஏறக்குறைய 11 டிகிரியில் இருக்கின்றன. சூரியன் அந்த அட்சரேகைக்கு நேர் மேலே வருவது ஏப்ரல் 19 வாக்கிலும் ஆகஸ்ட் 24 வாக்கிலும். கோவையில் அன்றைக்குப் பகல் 12 மணி 20 நிமிடத்துக்குப் பக்கத்தில் நேராக நிறுத்திய குழாயின் நிழல் அடியிலேயே ஒளிந்துகொள்ளும். சரியாகப் 12-க்குப் பார்த்தால் கிடைக்காது. நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு உரியது, கோவை 77-ல் இருக்கிறது, அதனால் 20 நிமிடத்துக்கு மேல் பிந்துகிறது. ஈரோட்டுக்கு ஏப்ரலில் ஒரு நாள் பிந்தி வரும், ஆகஸ்டில் ஒரு நாள் முந்தி வரும்.

ரேடியோ அலை என்பது ஒலியா? ஊட்டியில் ரேடியோ தொலைநோக்கி எதைக் ‘கேட்கிறது’?

ரேடியோ அலை ஒளியின் இனம். ஒலிக்குக் காற்றோ தண்ணீரோ வேண்டும், ரேடியோ அலை வெட்டவெளியிலும் ஒளியின் வேகத்தில் வரும். ஒளியின் அலை ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடச் சின்னது. ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் 1970-லிருந்து இயங்கும் தொலைநோக்கி 326.5 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது, அங்கே ஓர் அலை 92 சென்டிமீட்டர். அலை பெரிதானால் அதைப் பிடிக்கும் கண்ணும் பெரிதாக வேண்டும், அதனால் இதன் நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர்.

அதை வடக்குத் தெற்காக ஒரு மலைச்சரிவில் கட்டினார்கள். சரிவு 11 டிகிரி. மேலே சொன்ன அதே 11 டிகிரி, அந்த இடத்தின் அட்சரேகை. அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. ஒரே அச்சில் மெதுவாகத் திருப்பினால் போதும், வானத்தில் ஒரு பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் விடாமல் தொடரலாம். கோவிந்த் ஸ்வரூப் தலைமையிலான குழு இப்படி ஒரு சரிவைத் தேடித்தான் நீலகிரிக்கு வந்தது. நிலா ஒரு ரேடியோ மூலத்தை மறைத்து விலகும் நேரத்தைத் துல்லியமாகக் குறித்து, அந்த மூலத்தின் அளவைக் கண்டுபிடிப்பதுதான் இதற்குக் கொடுத்த முதல் வேலை.